சோலானா பவுண்டேஷனின் டெலிகேஷன்: கிளிநொச்சியிலிருந்து வலிடேட்டர் நடத்தும் எங்கள் நீண்டகால அனுபவம்

சோலானா என்ற பிளொக்செயின் வலையமைப்பில் வலிடேட்டர், அதாவது பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து வாக்களிக்கும் கணினி, நடத்த விரும்பும் வன்னி இளைஞர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, சோலானா பவுண்டேஷனின் டெலிகேஷன், அதாவது தன் நாணயங்களை ஒரு வலிடேட்டரின் வாக்குக்கு நிறையாக (ஸ்டேக்) வைக்கும் உதவி, கிடைக்குமா என்பதைத்தான். கிடைக்கும். நிபந்தனைகள் எழுத்தில் இருக்கின்றன. அவற்றை நிறைவேற்றுபவர் சூரிச்சில் இருக்கிறாரா மாங்குளத்தில் இருக்கிறாரா என்பது கணக்கில் வருவதில்லை. ஆனால் அந்த ஸ்டேக்கை நிலையான வருமானமாக நம்பித் திட்டமிடுபவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே திணறிப்போவார்கள். கிளிநொச்சியில் மூவரும் சுவிற்சர்லாந்தில் எங்கள் மச்சான் ஒருவருமாக இதை நடத்திவரும் நாங்கள், பவுண்டேஷனின் விதிகளில் எது எங்களைத் தாங்கியது, எது எங்களை நெருக்கியது என்பதைப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறோம்.

டெலிகேஷன் என்றால் பணத்தைக் கையில் கொடுப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் ஸ்டேக் கேட்டபோது, "தம்பி, என்ர காசு உங்கட கைக்கோ வரப்போகுது?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். "இல்லை அண்ணை, காசு உங்கட கணக்கிலேயே கிடக்கும். வாக்கின்ர நிறை மட்டும்தான் எங்களுக்கு வரும்" என்று விளக்கினோம். பவுண்டேஷனின் ஸ்டேக்கும் அப்படித்தான். சுவிற்சர்லாந்தின் சுக் நகரைத் தளமாகக் கொண்ட அந்த இலாப நோக்கற்ற அமைப்பு தன் சோல் நாணயங்களை எவருக்கும் தருவதில்லை. அவற்றின் நிறையைச் சில வலிடேட்டர்களின் பக்கம் சாய்த்து வைக்கிறது. ஸ்டேக் கூடினால் பிளொக் எனும் பரிவர்த்தனைத் தொகுப்பை உருவாக்கும் முறையும் அடிக்கடி வரும், வெகுமதியில் வலிடேட்டருக்குரிய கொமிஷனும் கூடும். தகுதி போனால் அந்த நிறை எபொக் எல்லையில் விலகிவிடும். எபொக் என்பது வலையமைப்பின் கணக்குக் காலம்: ஒரு பிளொக்குக்கு ஒதுக்கப்படும் நேரத்துண்டாகிய ஸ்லொட்டுகள் 4,32,000 சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு நாட்கள்.

விண்ணப்பத்தில் ஆளடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். கடவுச்சீட்டில் சிக்கல் இல்லை. முகவரிச் சான்றில்தான் வன்னிக்காரருக்கு வேலை இருக்கிறது. இங்கே பல வீடுகளில் மின்கட்டணப் பட்டியல் தகப்பன் பெயரிலோ தாயின் பெயரிலோ வரும், காணி அனுமதிப்பத்திரமும் அவர்கள் பெயரிலேயே இருக்கும், வீட்டுக்கு இலக்கமும் இராது. கிராம அலுவலர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழை வைத்திருந்தோம். இறுதியில் வங்கிக் கணக்கறிக்கைதான் கைகொடுத்தது. விண்ணப்பிக்க முன்னரே வங்கிக் கணக்கின் முகவரியை விண்ணப்பத்தில் தரும் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்ததாகத் திருத்தி வைத்துக்கொள்வது நல்லது.

வலிடேட்டர் ஓடும் வாடகைச் சேர்வருக்குப் பணம் கட்டும் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெய்நிகர் நாணயக் கொடுக்கல்வாங்கலுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த இலங்கை மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதைக் கண்டவர்கள், மாதாமாதம் பல நூறு டொலர் சேர்வர் வாடகையை ரூபாயில் உழைத்துக் கட்டலாம் என்று எண்ணவே மாட்டார்கள். எங்கள் சேர்வர் ஒப்பந்தமும் கொடுப்பனவும் மச்சானின் பெயரில்தான் இருக்கின்றன. இது சட்டத்துக்கு உட்பட்டு யோசித்து அமைக்க வேண்டிய ஒன்று. தொடங்கிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடியதல்ல.

தகுதி என்பதன் உள்ளடக்கத்துக்கு வருகிறேன். மெயின்நெட் என்ற மெய்யான வலையமைப்பில் மட்டுமன்றி டெஸ்ட்நெட் என்ற சோதனை வலையமைப்பிலும் நோட், அதாவது வலிடேட்டர் கணினி, ஓட வேண்டும். குறித்த மென்பொருள் பதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கொமிஷன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வலையமைப்பின் மூன்றிலொரு பங்கு ஸ்டேக்கைக் கையில் வைத்திருக்கும் மேல்தட்டு வலிடேட்டர்களில் ஒருவராக இருக்கக் கூடாது. ஒரே தரவு மையத்தில் அளவுக்கு மீறிக் குவியக் கூடாது. வாக்குகளுக்குக் கிடைக்கும் புள்ளியாகிய வோட் கிரெடிட் வலையமைப்பின் சராசரியை ஒட்டி இருக்க வேண்டும். இவற்றில் கடைசி இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன என்பதே எங்கள் நீண்ட அனுபவத்தின் சாரம்.

ஒரு வாக்கு இரண்டு ஸ்லொட்டுக்குள் பதிவானால் 16 கிரெடிட்டும் முழுதாகக் கிடைக்கும். அதன்பின் தாமதிக்கும் ஒவ்வொரு ஸ்லொட்டுக்கும் ஒன்று குறையும். ஒரு ஸ்லொட் என்பது 400 மில்லிசெக்கன். ஸ்டேக்கின் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பதால், அங்கே உருவாகும் பிளொக் ஆசியாவிலுள்ள நோட்டுக்கு வந்து, அதன் வாக்கு கடலடிக் கேபிள் வழியே திரும்பிச் சேர்வதற்குள் அந்தச் சிறு அவகாசத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடுகிறது. சிங்கப்பூரில் எங்கள் நோட் நின்ற காலத்தில், இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லாமலே கிரெடிட் சராசரிக்குக் கீழே நின்றது. ஜெர்மனிக்கு மாற்றிய எபொக்கிலிருந்தே அது மேலே வந்தது. ஆனால் எல்லோரும் அங்கே போனால் குவிவு விதி மீறப்படும். 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஒரு சேர்வர் நிறுவனம் சோலானா நோட்டுகளைத் தடைசெய்தபோது, வலையமைப்பின் ஸ்டேக்கில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஒரே நாளில் நின்றுபோனது. ஆகவே குவிவைத் தடுக்கும் விதி அவசியமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொலைவில் நிற்பவருக்குச் சிறிதளவேனும் கிரெடிட் சலுகை இல்லாமல் பரவலாக்கத்தைக் கேட்பது மட்டும் நியாயமாகப் படவில்லை. இரண்டுக்கும் நடுவே நாங்கள் கண்ட வழி, ஐரோப்பாவுக்குள்ளேயே கூட்டம் குறைந்த ஒரு நகரத்தைத் தேர்ந்து, பெயர் பரவாத சிறிய தரவு மையத்தில் இடம் எடுப்பதாக இருந்தது. அங்கே வாடகை சற்றுக் கூடுதல். ஆனால் குவிவுக் காரணத்துக்காக ஒருபோதும் தகுதி இழக்கவில்லை.

மென்பொருள் மேம்படுத்தலில்தான் வன்னியில் இருப்பவரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. அமெரிக்கப் பகல்வேளை அறிவிப்புகள் நமக்கு நள்ளிரவு கடந்தே வருகின்றன. நோட்டை வெறுமனே நிறுத்தித் தொடங்கினால் அது மீண்டும் சங்கிலியை எட்டிப்பிடிக்கும் வரை வாக்குகள் தவறும். அதனால் மேம்படுத்திய இன்னொரு இயந்திரத்தைத் தற்காலிக அடையாளச் சாவியோடு ஓடவிட்டு, பிளொக் உருவாக்கும் முறை எங்களுக்கு வராத ஓர் இடைவெளி பார்த்து, பழைய இயந்திரத்திலிருந்து மெய்யான அடையாளத்தை முதலில் கழற்றி, அதுவரை போட்ட வாக்குகளின் பதிவாகிய டவர் கோப்பைப் பிரதியெடுத்து, அதன் பின்னரே புதியதில் அடையாளத்தை ஏற்றுகிறோம். ஒரே அடையாளத்தில் இரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் வாக்களித்துவிடக் கூடாது. இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது. கார்த்திகை மழைக்காலத்தில் மின்சாரமும் இணைய இணைப்பும் சேர்ந்து போகும் இரவுகளில் இதைக் கைத்தொலைபேசித் தரவில் செய்வது பாதுகாப்பானதல்ல என்று முடிவெடுத்து, அத்தகைய இரவுகளை மச்சானின் பொறுப்பில் விட்டிருக்கிறோம். ஒருவராவது வேறு நேர வலயத்தில் இருப்பது இந்த வேலைக்கு மிகப் பெரிய பலம்.

பணக் கணக்கைப் பலரும் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்கும் ஒரு பரிவர்த்தனை, கட்டணம் 0.000005 சோல். நாளொன்றுக்கு 2,16,000 ஸ்லொட்டுகள் என்றால் 1.08 சோல், ஆண்டுக்கு 394 சோல். 40,000 சோல் ஸ்டேக் உள்ள ஒருவருக்கு ஆண்டு வெகுமதி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,400 சோல். அதில் 5 சதவீதக் கொமிஷன் 120 சோல். பிளொக் கட்டணமும் முன்னுரிமைக் கட்டணமும் இதற்கு மேல் வரும் என்றாலும், வாக்குச் செலவே முதல் பாரம் என்பது தெளிவு. இதை உணர்ந்துதான் பவுண்டேஷன் முதலாண்டில் வாக்குச் செலவைப் பொறுப்பேற்கிறது: முதல் 45 எபொக்குகளுக்கு முழுமையாக, அடுத்த 45க்கு 75 சதவீதம், பின் 50, பின் 25. எங்களை நிமிர்த்தியது இந்த உதவிதான். ஸ்டேக்கைவிட இதையே பெரிதாக மதிக்கிறேன். ஆனால் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது காற்பங்கு குறைகிறது என்பதை முதல் நாளிலேயே நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும்.

பவுண்டேஷனின் ஸ்டேக் இரண்டு வழிகளில் வருகிறது. வெளியார் தரும் ஸ்டேக்குக்கு ஒன்றுக்கு ஒன்றாக 1,00,000 சோல் வரை இணையாக வைப்பது ஒன்று. அப்படி வைத்தபின் மிஞ்சுவதைத் தகுதியுள்ள அனைவருக்கும் சமமாகப் பிரிப்பது மற்றது. இரணைமடுக் குளத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து, சிறுபோகத்துக்கு ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் பங்கிடுவதைப் போன்றது இந்த இரண்டாவது. நீரும் ஆட்தொகையும் மாற மாறப் பங்கும் மாறும். அதை எவரும் உரிமையாகக் கோர முடியாது. 2025 ஏப்ரலில் வந்த மாற்றம் இதை இன்னும் இறுக்கியது: புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது, 18 மாதங்களுக்கு மேல் திட்டத்தில் இருந்தும் வெளியார் ஸ்டேக் 1,000 சோலுக்குக் குறைவாக உள்ள மூவரை விலக்குவது என்று அறிவித்தார்கள். சிறியவர்களை வெளியேற்றுகிறார்கள் என்று பலர் வருந்தினார்கள். நான் அந்த விதியை ஆதரிக்கிறேன். ஒன்றரை ஆண்டில் வேறு எவருடைய நம்பிக்கையையும் பெறாத நோட், பவுண்டேஷனின் கையில் இருக்கும் இன்னொரு வாக்காகவே நிற்கிறது. அது பரவலாக்கம் ஆகாது.

அந்த 1,000 சோலை நாங்கள் திரட்டியது பெரும்பாலும் புலம்பெயர் உறவுகளிடமிருந்துதான். பெருந்தொகை வைத்திருக்கும் ஒருவரைத் தேடி அலைவதைவிட, ஏற்கெனவே சோல் வைத்திருந்தும் அதை எந்த வலிடேட்டரிடமும் வைக்காமல் சும்மா விட்டிருப்பவர்களைத் தேடினோம். நாணயம் வாங்கும்படி எவரையும் தூண்டவில்லை. விலை சரிந்தால் உறவும் சரியும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஸ்டேக் கணக்கை அவரே எப்போதும் விடுவித்துக்கொள்ளும் முறையைத் தொலைபேசித் திரையைப் பகிர்ந்து காட்டினோம். அப்படிக் காட்டியபின் விலகியவர் மிகக் குறைவு.

2025 செப்டெம்பரில் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அல்பென்குளோ என்ற சோலானா மேம்படுத்தல் திட்டம், வாக்குகளைச் சங்கிலியில் பரிவர்த்தனையாகப் பதியும் முறையை நீக்கி, எபொக்குக்கு 1.6 சோல் என்ற நிலையான கட்டணத்தை முன்மொழிகிறது. மேலே கணக்கிட்ட நாளுக்கு 1.08 சோல், அதாவது இரண்டு நாள் எபொக்குக்கு 2.16 சோலோடு ஒப்பிட்டால் காற்பங்கு குறைவு. விண்ணப்பிக்க எண்ணும் முல்லைத்தீவு, வவுனியா நண்பர்கள் தங்கள் கணக்கை இரண்டு கட்டணங்களிலும் போட்டுப் பார்த்து, பவுண்டேஷனின் ஸ்டேக்கைப் பூச்சியமாக வைத்தும் எத்தனை மாதம் சேர்வர் வாடகை கட்ட முடியும் என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டு டெஸ்ட்நெட்டைத் தொடங்கட்டும்.