சேலத்தில் காருக்கு ரீமேப் செய்யப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் போலோ 1.0 டிஎஸ்ஐ காரின் இன்ஜினை இன்று பிற்பகல் கொண்டலாம்பட்டியில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் பிரித்தார்கள். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில், ரிங்குகளுக்கு இடையே இருக்கும் விளிம்பு உடைந்து துண்டாகக் கையோடு வந்துவிட்டது. ரீமேப்புக்குக் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி பவரைக் கூட்டுவது) கொடுத்த 38,000 ரூபாய், இன்ஜின் வேலைக்கு இப்போது கேட்கும் 1,45,000 ரூபாய், ஆக மொத்தம் 1,83,000 ரூபாய். ரீமேப் போட்டுக் கொடுத்த அதே ஆள் அடுத்த வாரமும் சேலம் வருகிறார் என்று கேள்விப்பட்டதால் இன்றே எழுதுகிறேன்.

அவருக்குக் கடை என்று எதுவும் கிடையாது. லேப்டாப்பும் கேபிளும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, வீட்டு வாசலிலேயே ரீமேப் போட்டுக் கொடுப்பவர். நான் ஏற்கெனவே பெரிய டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) பெரிய இன்டர்கூலரும் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) மாட்டியிருந்தேன். டவுன்பைப் பெரிதானால் புகை வெளியேறுவதற்கான தடை குறைந்து டர்போ விரைவாகச் சுழலும். டர்போவுக்குப் போகும் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டை எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்ற பழைய கணக்கே இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியுவில் இருந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், எல்லை மீறிப் போகும். மாட்டிய பாகங்களுக்கு ஏற்ப அந்தக் கணக்கைத் திருத்தித் தருவதற்குத்தான் 38,000 ரூபாய்.

நான் அவரை நம்பிய நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்த பங்கில் பெட்ரோல் போடுகிறீர்கள், வண்டியில் எத்தனை பேர் போவீர்கள், ஏற்காடு ஏறுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மாதம் இரண்டு முறையாவது அக்கா வீட்டுக்கு மலையேறுவோம் என்றேன். "மலைக்கும் சேர்த்தே போட்டுத் தர்றேன் அண்ணா, கவலையே படாதீங்க" என்றார். இவ்வளவு விவரம் கேட்கிறவர் ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் ஃபைலை ஏற்றினார், பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார், 110 பிஎஸ் இன்ஜின் இப்போது 150 பிஎஸ் தரும் என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார். பவரை அளக்கும் மெஷினான டைனோவில் வண்டி ஏறவே இல்லை. ஓடும்போது பூஸ்ட், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பொறி விழும் நேரம்), உள்ளே வரும் காற்றின் வெப்பம் ஆகியவற்றைப் பதிவு செய்து பார்க்கவும் இல்லை. நான் ஜிபேயில் 38,000 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

பதினோராவது நாள் மதிய வெயிலில் நான்கு பேராக ஏற்காடு ஏறினோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. இன்ஜினுக்குள் அதே அழுத்தத்தைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அதனால் காற்றும் கூடுதலாகச் சூடாகும். கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகப் போகும்போது இன்டர்கூலர் மீது போதிய காற்று படாது. அந்தச் சூட்டில், சாதாரண பெட்ரோலில், டைமிங்கை முன்தள்ளி வைத்திருந்தால் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) வராமல் என்ன செய்யும்? இருபது வளைவுகளில் பதினான்காவதில் தகர டப்பாவில் கல் குலுங்குவதுபோல் சத்தம் கேட்டது. பதினாறாவதில் ஆயில் எரியும் நீலப் புகை.

போன் செய்தேன். முதலில் பெட்ரோல் சரியில்லை என்றார். மறுநாள் ஸ்பார்க் பிளக்கைக் குறை சொன்னார். மூன்றாம் நாள், "மலையில் இப்படி மிதிச்சா எந்த வண்டிதான் தாங்கும்?" என்றார். மலைக்கும் சேர்த்தே போட்டுத் தருகிறேன் என்று சொன்ன அதே வாய்! கம்பெனியிலிருந்து வந்த பழைய ஃபைலையாவது கொடுங்கள் என்றேன், லேப்டாப் மாற்றிவிட்டதால் அது இல்லை என்றார். அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை.

என் வயிறு எரிவது 38,000 ரூபாய்க்காக மட்டும் அல்ல. என் அலுவலக நண்பரும் அவரிடமே ரீமேப் செய்தவர். அதே மாடல் கார், ஆனால் ஒரு பாகத்தைக்கூட மாற்றாதது. இரண்டு காரின் ஃபைல்களையும் கோயம்புத்தூரில் வேறொருவரிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். வண்டியின் அடையாள எண்ணைத் தவிர எந்த வித்தியாசமும் இல்லை. என் டவுன்பைப்புக்கு ஏற்ப ஓர் எண்ணைக்கூட அவர் தொடவில்லை. நோட்டில் எழுதியதெல்லாம் நடிப்பு. அதைவிடக் கொடுமை, நாக் சென்சார் எச்சரிக்கும் எல்லையைத் தளர்த்தி வைத்திருக்கிறார். தட்டும் சத்தம் உணரப்பட்டால் டைமிங்கைப் பின்னிழுத்து இன்ஜினைக் காப்பாற்றுவது அந்தச் சென்சார்தான். அதன் காதை அடைத்துவிட்டு, என் குடும்பத்தை மலையேற விட்டிருக்கிறார்.

செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வண்டி ஓடும்போது லாக் (பூஸ்ட், டைமிங், காற்றின் வெப்பம் ஆகியவற்றின் பதிவு) எடுத்துக் காட்டாதவரிடம் ரீமேப் செய்யாதீர்கள். பழைய ஃபைலை உங்கள் பென்டிரைவில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள். என்னென்ன மாற்றப்பட்டது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்; என்னிடம் அது இல்லாததால்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது ஜிபே ரசீதை மட்டுமே காட்ட முடிந்தது. ரீமேப்புக்குப் பிறகு மலையில் தட்டும் சத்தம் கேட்டால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரமாக நிறுத்துங்கள். நான் இன்னும் இரண்டு வளைவுகள் ஓட்டிவிட்டேன்.