ஒல்லியான ஆங்கிலத் தலைப்புக்குப் பக்கத்தில் எந்தத் தமிழ் எழுத்துரு?

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் சிங்கப்பூரில் சமூக மன்றம், நூலகம், பள்ளி என்று எங்கும் இருமொழிச் சுவரொட்டிகள்தான். ஆங்கிலத் தலைப்பு கையால் வரைந்தது போல, ஒல்லியாக, உயரமாக வேண்டுமென்றால் வெர்னன் ஆடம்ஸ் வடிவமைத்த அமாட்டிக் எஸ்சி எழுத்துரு நல்ல தேர்வு. ஹீப்ரு, சிரிலிக் எழுத்துகளும் அதில் உண்டு, தமிழ் இல்லை. அதை வைத்தே தமிழைத் தட்டினால், கணினி தன்னிடம் இருக்கும் லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். ஆங்கிலம் சிரிக்கும், தமிழ் அரசாங்கப் படிவம் போல விறைத்து நிற்கும். எனக்கு இது மனசுக்கு ஆகவே ஆகாது.

அகலம்தான் முக்கியம் என்றால் எழுத்துரு நிறுவனமான ஏக் டைப்பின் அனேக் தமிழ். 2022இல் வந்தது. ஒடுக்கமானதிலிருந்து அகலமானது வரை வடிவங்கள், தடிமனிலும் பல படிகள். ‘கொண்டாட்டம்’ என்று எழுதிப் பாருங்கள். எண்ணினால் ஆறு எழுத்து. அச்சில் ஒற்றைக்கொம்பு, க, கால், ண், ட, கால், ட், ட, ம் என ஒன்பது உருவங்கள். அதிலும் ண் மட்டுமே எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது! அனேக்கின் ஒடுங்கிய வடிவில் இது ஒரே வரியில் அடங்கும், சுழிகளும் அடைத்துக்கொள்ளாது. சாதாரண எழுத்துருவைப் பக்கவாட்டில் அமுக்கினால் நேர்க்கோடுகள் மெலியும், கிடைக்கோடுகள் தடித்தபடியே நிற்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆனால் அனேக்கில் கைவாசனை இல்லை. சுத்தமான, நிதானமான எழுத்து, அவ்வளவுதான்.

கவிவாணர் எழுத்துருவில் அந்த வாசனை உண்டு. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. லேசாகச் சாய்ந்து, பேனா ஓடிய தடத்தோடு வரும். குறை என்றால் ஒரே தடிமன், அகலத்தில் ஒல்லியும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் தூரத்திலிருந்து படிக்க வேண்டிய தலைப்புக்குக் கோடுகள் கொஞ்சம் மெலிவுதான்; பெரிதாகப் போட வேண்டும்.

அரிமா எழுத்துரு மென்மையானது, ஆனால் கையெழுத்து ஆகாது. பலூ தம்பி குழந்தைகள் நிகழ்ச்சிக்கு அருமை. அமாட்டிக் பக்கத்தில் வைத்தால் அதன் கனத்தில் ஆங்கிலம் காணாமல் போகும்.

நான் எடுப்பது கவிவாணர். அகலம் பொருந்தாவிட்டாலும் கை பொருந்துகிறது, கண் முதலில் பார்ப்பதும் அதைத்தான். தமிழை மேலே, இரண்டு வரியாக விடுங்கள். மேலே கி, கீ விசிறிக்கும் புள்ளிக்கும், கீழே கு, கூ வளைவுகளுக்கும் இடம் வேண்டும். முழுக்கப் பெரிய எழுத்தாக வரும் ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி இதற்குப் பத்தாது. நாள், நேரம், இடம் எல்லாம் அனேக்கின் ஒடுங்கிய வடிவில் போகட்டும். அமாட்டிக், கவிவாணர், அனேக் மூன்றுமே யாரும் பயன்படுத்தவும் பகிரவும் விடும் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அச்சுக்கடைக்குக் கோப்போடு எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பலாம். அங்கே வேறு எழுத்து மாறி விழாது.