கனோலாவா, மஞ்சள் பட்டாணியா?

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரைப் போடுபவரிடம் விதை விலையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், புலம்பித் தீர்த்துவிடுவார். 22.7 கிலோ பை ஒன்று சுமார் 10 ஏக்கருக்குத்தான் வரும், விலையோ நூற்றுக்கணக்கில் டாலர். கலப்பின விதை என்பதால் அறுத்ததில் எடுத்து வைத்து மறு வருடம் விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது, கம்பெனி ஒப்பந்தமும் விடாது. (காப்புரிமை பெற்ற கனோலா விதையை எடுத்து வைத்து விதைத்ததற்காக, 2004இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் விதைக் கம்பெனி மான்சான்டோவிடம் தோற்ற விவசாயி பெர்சி ஷ்மைசர் இந்த மாகாணத்துக்காரர்தான்.) அப்புறம் தழைச்சத்து, கந்தகம் இரண்டையும் வாரி விழுங்கும் பயிர் இது, முளைத்த இலையைத் தெள்ளு வண்டு சல்லடையாக்கினால் மருந்துச் செலவு தனி.

பட்டாணி என்றால் சொந்த விதையையே சலித்துப் போடலாம், வேர் முடிச்சே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், யூரியா பணம் மிச்சம். சரி, எல்லாரும் இதற்கே மாறலாமே என்றால், வேரழுகல் வந்த நிலத்தில் 6 முதல் 8 வருடம் பட்டாணியைத் தொடக் கூடாது. போதாததற்கு 2025 மார்ச்சில் சீனா, கனடாவின் கனோலா எண்ணெய், பிண்ணாக்கோடு சேர்த்துப் பட்டாணிக்கும் 100 சதவீத வரி போட்டது.

கையில் ரொக்கம் இறுக்கமான வருடம் என்றால் நான் பட்டாணி பக்கம்தான். ஆனால் மழையும் விலையும் கூடி வந்தால் ஏக்கருக்கு அதிகம் மிஞ்சுவது கனோலாவில், அதனால்தான் திட்டிக்கொண்டே அந்தப் பையை வாங்குகிறார்கள்.