இறால் குஞ்சு விடுதல்: வாய் மூடிய ஏரியா, திறந்த கழிமுகமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரையில் வாலகூட் போன்ற ஏரிகள் கடலோடு சேரும் வாயை மணல்திட்டு நீண்ட காலம் அடைத்துவிடும். அங்குள்ள கிழக்கு ராஜா இறால் கடலில்தான் முட்டையிடும். நீரோட்டத்தில் வரும் குஞ்சுகளுக்கு உள்ளே நுழைய வழியில்லை. உணவும் கடற்புல்லும் இருந்தும் இறால் குறைவு. பொரிப்பகத்தில் முட்டை பொரித்து வளர்த்த குஞ்சு விட ஏற்ற இடம் இதுதான்.

திறந்த கழிமுகத்துக்குக் கடலே குஞ்சைக் கொண்டுவருகிறது. அதற்கு மேலும் விட்டால் இரையான புழுவுக்கும் பதுங்குமிடத்துக்கும் போட்டி வரும். மொத்த எண்ணிக்கை கூடாமல், இயற்கைக் குஞ்சின் இடத்தைப் பொரிப்பகக் குஞ்சு பிடித்துக்கொள்ளலாம். ஒருசில தாய் இறால்களின் வாரிசுகளே பெருகினால் மரபு வளமும் சுருங்கும். நோயும் பரவும் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல: 2016-இல் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்று இறால் பண்ணைகளை, இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ் தாக்கியது.

மூடிய ஏரியிலும் அளவு மீறினால் அடித்தரைப் புழுக்கள் குறைந்து, இறால் வளராமல் நின்றுவிடும். குஞ்சு பொரிக்க அதே கரையின் தாய் இறால், நோய்க்கிருமியைக் கண்டறியும் பிசிஆர் சோதனை இரண்டும் கட்டாயம். குஞ்சுகள் உள்ள பையை ஏரியில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, ஏரி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, அந்தியில் கடற்புல் மேல் விடுங்கள். வெறும் மணலில் விட்ட குஞ்சு மீனுக்கு இரை. வாய் திறந்தால் வளர்ந்த இறால் கடலுக்குப் போய்விடும். முட்டையிடத்தான் போகிறது என்பதால் அதை முழு நட்டமாகக் கருத வேண்டாம்.