பழைய லேப்டாப்பா, விர்ச்சுவல் மெஷினா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில், அண்ணனின் வண்டி ஒர்க்‌ஷாப் லேப்டாப்பையும் விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். டொயோட்டா வண்டிகளின் பழுதைப் பார்க்கும் டெக்ஸ்ட்ரீம் மென்பொருள் திறந்தது, வண்டியை லேப்டாப்போடு இணைக்கும் மினி விசிஐ கேபிளைத்தான் அது கண்டுகொள்ளவே இல்லை. அந்தக் கேபிளை இயக்கும் டிரைவர் மென்பொருள் 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்டது, விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

ஒரு வழி, விர்ச்சுவல் மெஷின், அதாவது லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கணினிபோல ஓடும் மென்பொருள். அதை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸில் 32 பிட் விண்டோஸ் 7-ஐ ஏற்றுவது. இதற்குச் செலவில்லை, எல்லாம் ஒரே லேப்டாப்பில் அடங்கும். கெட்டுப்போனால் சேமித்துவைத்த பிரதிக்குத் திரும்பலாம். பழுதுக் குறியீடு படிக்க, அழிக்க இது தாராளம்.

ஆனால் வண்டியின் கணினியில் எழுதும் வேலை வேறு. டர்பனின் பிராஸ்பெக்டன் ஆலையில் செய்த டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் வண்டி ஒன்று வந்தது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் தலையில் பொறித்த நீளமான குறியீட்டை ஒவ்வொரு எழுத்தாக இசியு என்ற இன்ஜின் கணினியில் பதிய வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் இரண்டாவது சிலிண்டரின் குறியீட்டைப் பதியும்போது யுஎஸ்பி இணைப்பு அறுந்தது. "தம்பி, சாவியைத் தொடாதே!" என்று அண்ணன் கத்தினார். நல்லவேளை, மறுபடி பதிந்ததும் ஏற்றுக்கொண்டது.

அப்புறம் பரணிலிருந்த பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பை இறக்கினோம். அது மெதுவாகத்தான் ஓடும், ஆனால் கேபிளுக்கும் அதற்கும் நடுவே விர்ச்சுவல் மெஷின் இல்லை. எழுதும் வேலைக்கு நான் இதைத்தான் நம்புவேன். இணையத்தில் மட்டும் சேர்க்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல வருடமாகிவிட்டது. பேட்டரியும் செத்துவிட்டது. மின்வெட்டு நேரத்தில் லேப்டாப் அணைந்துபோகக் கூடாது என்று இன்வெர்ட்டரில் தனி வயர் இழுத்திருக்கிறோம்.