2018-ல் மாற்றிய பைப் லைன்: இத்தனை வருஷத்தில் எது நின்றது, எது கசிந்தது

பைப் மாற்றப் போகிறேன் என்றாலே எல்லாரும் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்பதைத்தான். இத்தனை வருஷம் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்கு அது நான்காவது ஐந்தாவது கேள்வி. ஐ.எஸ்.15778 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள சி.பி.வி.சி. பைப் (சுடுதண்ணீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) எதுவாக இருந்தாலும் பைப்பின் நடு உடம்பில் கசிவு வருவது அபூர்வம். கசிவெல்லாம் ஜாயின்ட்டிலும் வால்விலும் வாஷரிலும்தான். அதனால் ஜாயின்ட் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன, கைக்கு எட்டுமா, இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில், தொண்ணூறுகளில் கட்டியது. எல்லாம் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, எல்லாம் சுவருக்குள். போர் தண்ணீர் நல்ல உப்பு. ஜி.ஐ. பைப் உள்ளிருந்து துருப்பிடித்து, வெளியே தெரிகிற நேரத்தில் ஹால் சுவரில் பெயின்ட் கொப்புளித்து, விரலால் தேய்த்தால் வெள்ளையாக உப்புப் பொடி ஒட்டும். வெட்டி எடுத்த ஒரு எல்போவை (வளைவுத் துண்டை) வைத்துப் பார்த்தேன், முக்கால் இஞ்ச் பைப்புக்குள் பென்சில் நுழைகிற அளவுதான் ஓட்டை மிச்சம் இருந்தது, மீதியெல்லாம் துருவும் உப்பும்.

2018-ல் மொத்தமாக மாற்றியபோது ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். மெயின் லைன் எதுவும் சுவருக்குள் போகக் கூடாது, டேங்கிலிருந்து வெளிச்சுவர் வழியாக கிளாம்ப் போட்டு இறங்க வேண்டும், பாத்ரூம் குழாய்க்குத் தேவையான கடைசி சில அடி மட்டும் உள்ளே போகலாம். வெளியே பைப் தெரிந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று மாமா சொன்னார். இருக்காதுதான். ஆனால் அதற்கப்புறம் வந்த இரண்டு சின்னக் கசிவும் வெளிச்சுவரில் ஈரக்கோடாக அன்றைக்கே தெரிந்தது, ஹேக்ஸா பிளேடும், இரண்டு பைப்பை இணைக்கிற ஒரு கப்ளிங்கும் இருந்தால் போதும், டைல்ஸ் உடைக்கும் வேலையே இல்லை. இதற்கு ஒரு விலை உண்டு: வெயில் சி.பி.வி.சி.க்கு ஆகாது, வெளிறிப் போய் நாளடைவில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அதனால் தண்ணீரில் கலக்கும் பெயின்ட் அடித்திருக்கிறோம், மேற்குப் பக்கம் உரியும்போதெல்லாம் திரும்ப அடிக்கிறோம். ஆயில் பெயின்ட் வேண்டாம், அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

ஜாயின்ட் போடும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். பைப்பை நேராக வெட்ட வேண்டும், பிசிறு எடுக்க வேண்டும், பைப்பிலும் ஃபிட்டிங்குக்குள்ளும் சால்வென்ட் (ஒட்டுகிற பசை) தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிஷமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்பைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள், விட்டால் பைப் மெல்லப் பின்னால் வரும். சால்வென்ட் டப்பா ஜெல்லி மாதிரி கெட்டியாகி இருந்தால் பிளம்பர் கையிலிருந்து வாங்கித் தூரப் போடுங்கள். சாதா பி.வி.சி. சால்வென்ட்டை இதற்குப் போட விடாதீர்கள். குழாய் மாட்டுகிற இடத்தில் எல்லாம் உள்ளே பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் மரையில் ஸ்டீல் குழாயை ஒரு சுற்று அதிகமாக முறுக்கினால் மயிரிழையாக விரிசல் விடும், அது சில மாதம் கழித்துத்தான் தெரியும். சுவரைப் பூசுவதற்கு முன் டெஸ்டிங் பம்ப் வைத்துப் பிரஷர் ஏற்றி, ராத்திரி முழுக்க பிரஷர் மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தோம். பாத்ரூம் ஒன்றில் இறங்கியது. பூசிய பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இனி ஏமாற்றம் தந்தவை. சுவர்க் குழாயிலிருந்து வாஷ்பேசினுக்கோ ஃப்ளஷ் டேங்குக்கோ போகிற கனெக்‌ஷன் ஹோஸ் முதல் இடம். மேலே ஸ்டீல் பின்னல் பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் கெட்டுப்போவது தெரியாது. நட்டுக்குப் பக்கத்தில் பின்னல் ஓர் இழை துருப்பிடித்து முறுக்கவிழ்ந்திருந்தாலே மாற்றிவிடுகிறேன், சில நூறு ரூபாய்தான். டாய்லெட் பக்கத்தில் இருக்கும் கை ஸ்ப்ரே, அதாவது ஹெல்த் ஃபாசெட், இன்னும் மோசம், எந்நேரமும் முழுப் பிரஷரில் நிற்கிற பொருள் அது. பயன்படுத்தி முடித்ததும் அதற்குத் தண்ணீர் விடுகிற சுவர் வால்வை (ஆங்கிள் காக்) மூடும் பழக்கம் வீட்டில் எல்லாருக்கும் வந்த பிறகு ஒரே ஹோஸ் நீண்ட காலம் உழைக்கிறது. அடுத்தது டேங்க்கின் தானியங்கி மோட்டார் கன்ட்ரோலர். கம்பி சென்சார் வைத்தது எங்கள் தண்ணீருக்கு ஒத்து வரவில்லை. கம்பியில் உப்பு படிந்து, டேங்க் நிரம்பியும் மோட்டார் நிற்காமல், வழிந்த தண்ணீர் சுவரோடு இறங்கி படுக்கையறை மூலையில் ஓதம் ஏறியது. மிதவை சுவிட்ச் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. கூடவே வழிகிற பைப்பைச் சுவரை விட்டுத் தள்ளி, வாசலில் விழுகிற மாதிரி நீட்டிவிட்டோம், யார் கண்ணிலாவது படும்.

கீசர் பற்றி ஒரு வார்த்தை. சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக வரும், தண்ணீர் சூட்டில் விரிவதால் வருவது, அது கசிவு இல்லை. தயவுசெய்து அதை அடைக்காதீர்கள், டேங்க் வெடிக்கிற அபாயம் உண்டு. கீசர் ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் தண்ணீர் மீட்டர் கிடையாது, கசிவு இருந்தாலும் பில்லில் தெரியாது. அதனால் அவ்வப்போது ஒரு சோதனை செய்கிறோம்: ராத்திரி படுக்கும் முன் டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு, காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் போய்ப் பார்ப்பது. குறைந்திருந்தால் முதல் சந்தேகம் டாய்லெட் ஃப்ளஷ் டேங்க். அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள், கோப்பையில் நிறம் வந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரிக்கு வரிசையில் நின்றபோதுதான் இதைத் தொடங்கினோம், அதற்கப்புறம் விடவில்லை.

மொத்தச் செலவில் எனக்கு அதிகத் திருப்தி தந்தது டேங்குக்கு அடியில் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாகப் போட்ட பால் வால்வுகள்தான். ஒரு பாத்ரூமில் வேலை நடந்தால் மற்ற இடமெல்லாம் தண்ணீர் வரும். உப்புத் தண்ணீரில் அசையாமல் விட்டால் அவையும் இறுகிவிடும், அமாவாசைக்கு அமாவாசை அம்மா நினைவுபடுத்த, ஒரு தடவை மூடித் திறந்துவிடுகிறேன். ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் கிளம்புவோம். மோட்டார் சுவிட்ச் எது, எந்த வால்வு எந்த அறைக்கு என்று பெயின்ட்டில் எழுதி, சாவி வாங்கிக்கொள்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒருமுறை காட்டி வைத்திருக்கிறோம்.