வழியைக் காட்டும் கணக்கு: எங்கள் புதிய ஆக்சுவரியின் சேவை பற்றி

எங்கள் நிறுவனத்தின் பணிக்கொடைப் பொறுப்பை, அதாவது ஊழியர்கள் பணியை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய தொகையை, ஆண்டுதோறும் மதிப்பிட்டுத் தரும் கணக்கு வல்லுநரான ஆக்சுவரியை இந்த ஆண்டு மாற்றினோம். நிதிப் பிரிவில் அந்த வேலை என் மேசைக்குத்தான் வரும். பழைய அறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்துப் படித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பழையவர் தந்தது சில பக்கங்கள். பொறுப்புத் தொகை, தள்ளுபடி விகிதம் (பின்னாளில் கொடுக்க வேண்டியதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் விகிதம்), சம்பள உயர்வு விகிதம், கையொப்பம், அவ்வளவுதான். பணி விலகல் விகிதத்தை இளையவருக்கும் ஓய்வை நெருங்குபவருக்கும் ஏன் ஒன்றாகவே வைத்தீர்கள் என்று கேட்டால், வழக்கமாக அப்படித்தான் என்று பதில் வரும். தணிக்கையாளர் ஆண்டுதோறும் அதே கேள்வியைக் கேட்பார். நானும் அதே பதிலைத்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

புதியவர்களுக்கு ஊழியர் பட்டியலை அனுப்பியதும் கணக்கு வரவில்லை, கேள்விகள் வந்தன. ஒரே பிரிவில் இத்தனை பேருக்குப் பணியில் சேர்ந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கிறதே, அது உண்மையான தேதியா, பழைய பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும்போது ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு நிரப்பியதா? சென்ற ஆண்டுப் பட்டியலோடு புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி, விலகியவர்களைக் கழித்தால் இந்த ஆண்டு எண்ணிக்கை வரவில்லையே, இடையில் விடுபட்டவர்கள் யார்? சம்பளப் பத்தியில் இருப்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமா, படிகளும் சேர்ந்ததா? பணிக்காலத்தையும் கடைசிச் சம்பளத்தையும் வைத்துத் தீர்மானமாகும் ஒரு பலனுக்கு இவை மூன்றுமே உயிர்நாடியான கேள்விகள். பழையவர் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

இதை அந்த நிறுவனத்தின் தனிக் கறார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் தொழிலின் தரநிலையே இதைக் கேட்கிறது. பன்னாட்டு ஆக்சுவரிகள் சங்கம் 2012-இல் ஏற்ற ஐசாப் 1 என்ற பொதுத் தரநிலை, கையில் வந்த தரவு போதுமானதா, நம்பத்தக்கதா என்று ஆக்சுவரி பார்க்க வேண்டும் என்கிறது. முக்கியமான குறை இருந்தால் அறிக்கையில் அதைச் சொல்லவும் வேண்டும். அது மாதிரித் தரநிலைதான், தானாகவே எல்லோரையும் கட்டுப்படுத்திவிடாது. ஆனால் எங்கள் ஆக்சுவரி அதையும், ஊழியர் பலன்களுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 19-இன் கணக்குகளுக்கென்றே உள்ள ஐசாப் 3-ஐயும் பின்பற்றியதாக அறிக்கையிலேயே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். அமெரிக்க ஆக்சுவரிகளுக்கான 41-ஆம் தரநிலையில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. அதே துறையில் தகுதி பெற்ற இன்னோர் ஆக்சுவரி படித்துப் பார்த்து, கணக்கு நியாயமானதுதானா என்று மதிப்பிடும் அளவுக்கு முறையும் அனுமானங்களும் தரவும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே அது. எங்கள் பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு யாராலும் அப்படி மதிப்பிட்டிருக்க முடியாது.

தள்ளுபடி விகிதத்தில்தான் இவர்களின் உறுதி தெரிந்தது. விகிதத்தைச் சற்று உயர்த்தினால் பொறுப்புத் தொகை இறங்கும், அந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பும் அழகாகத் தெரியும். எங்கள் இயக்குநர் ஒருவர் அப்படிக் கேட்கவும் செய்தார். ஆக்சுவரி கோபப்படவில்லை, வளைந்தும் கொடுக்கவில்லை. அனுமானங்களுக்குப் பொறுப்பு நிறுவனம்தான், ஆனால் ஐஏஎஸ் 19 கேட்பது கணக்காண்டு முடியும் நாளில் உயர்தர நிறுவனக் கடன் பத்திரங்கள் தரும் ஈட்டத்தை ஒட்டிய விகிதம், நீங்கள் சொல்லும் எண் அதற்கு வெகுதூரம், அதையே வைக்கச் சொன்னால் அது நிறுவனம் தந்த எண் என்பதையும் எனக்கு அதில் உடன்பாடில்லை என்பதையும் அறிக்கையில் எழுதுவேன் என்று பதில் அனுப்பினார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. தரநிலை என்பது ஆக்சுவரியின் கையைக் கட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அன்று அது அவர் முதுகுக்குப் பின்னால் சுவராக நின்றதைத்தான் நான் பார்த்தேன்.

உணர்திறன் அட்டவணையும் நன்றாக இருந்தது. தள்ளுபடி விகிதமும் சம்பள உயர்வும் அரை சதவீதம் ஏறினால், இறங்கினால் தொகை எங்கே போகும் என்று ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம்.

குறைகளும் உண்டு. கேள்வி பதில் முடிந்து வரைவு அறிக்கை கைக்கு வர, நாங்கள் கேட்டிருந்த நாள் தாண்டிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, அறிக்கை இன்னோர் ஆக்சுவரிக்காகவே எழுதப்பட்டதுபோல் இருப்பது. யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களுக்குப் புரியும்படி சொல்வதும் தரநிலை கேட்பதுதான். சென்ற ஆண்டைவிடப் பொறுப்பு ஏன் கூடியது என்ற இயக்குநர் குழுவின் முதல் கேள்விக்கான விடை பின்னிணைப்பில் புதைந்து கிடந்தது. அதை நானே தோண்டியெடுத்து, தனித் தாளில் எழுதி விளக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டுக்கும் இவர்களையே அமர்த்தியிருக்கிறோம். ஒப்பந்தக் கடிதத்தில் இரண்டு வரிகளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்: தரவுக் கேள்விகள் கணக்காண்டு முடியும் முன்பே வர வேண்டும், பொறுப்புத் தொகை மாறியதற்கான காரணம் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.